விமானிப் பயிற்சிப் பள்ளி: பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கீழ்வானம்:
வணக்கம். ஏர்லைனில் பைலட் ஆக வேண்டும் என்பது இலக்கு. மூன்று பள்ளிகள் கடைசிப் பட்டியலில் நிற்கின்றன. முதல் பள்ளி 14 மாதத்தில் சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) கையில் என்கிறது, முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டினால் தள்ளுபடியும் உண்டு. இரண்டாவது மாடுலர், அதாவது பகுதி பகுதியாகப் படிக்கும் முறை, கட்டம் கட்டமாகப் பணம் கட்டலாம், எப்போது முடியும் என்று மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். மூன்றாவது ஓர் ஏர்லைனோடு சேர்ந்து நடத்தும் எம்பிஎல் (இருவர் ஓட்டும் விமானங்களுக்கான லைசென்ஸ்) கேடட் திட்டம். நேரில் போனால் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்? மெடிக்கல் பரிசோதனையை, பள்ளியில் சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் பள்ளியில் சொல்கிறார்கள். சரியா?

வலவன்:
சரியில்லை. முதலில் கிளாஸ் 1 மெடிக்கல் (வணிக விமானிக்கான உடல்தகுதிச் சான்று), அப்புறம்தான் பள்ளி. கிளாஸ் 2 வைத்துக்கொண்டே பயிற்சியைத் தொடங்கலாம், பிபிஎல் (தனியார் விமானி லைசென்ஸ்) கூட வாங்கிவிடலாம், அதனால்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வணிக விமானியாக வேலை செய்ய கிளாஸ் 1 இல்லாமல் முடியாது. கண்ணாடி போடுவது பெரும்பாலும் தடையில்லை, கண்ணாடியோடு பார்வை வரம்புக்குள் வந்தால் போதும். பலர் மாட்டிக்கொள்வது நிறப்பார்வையில். இஷிஹாரா புள்ளிப்படங்களில் தடுமாறினால் லாண்டர்ன் (வண்ண விளக்கு) போன்ற அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதிலும் தேறாதவருக்கு ஏர்லைன் பாதை ஏறக்குறைய அடைபட்டுவிடும். சில நிமிடத்தில் தெரிந்துவிடுகிற விஷயம் இது. 60 மணி பறந்த பிறகு தெரியவந்து என்ன பயன்?

அடுத்து, பள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்த ஆணையத்தின் லைசென்ஸ் கிடைக்கிறது என்று பாருங்கள். சிபிஎல்லுக்கு ஐக்கியோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வைத்திருக்கும் அடிப்படை 200 மணி. அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சி என்றால் 150. அமெரிக்காவில் பார்ட் 61 விதி வழியில் 250, அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகளுக்கான பார்ட் 141 விதி வழியில் 190. ஆனால் அங்கே ஏர்லைன் இருக்கைக்கு ஏடிபி (ஏர்லைன் விமானி சான்று) தேவை, அதற்கு 1500 மணி. தகுதியான விமானத்துறைப் பட்டம் இருந்தால் 1000. இடையில் உள்ள மணிகளைப் பெரும்பாலோர் இன்ஸ்ட்ரக்டர் வேலை பார்த்தே நிரப்புகிறார்கள். வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் போகிறவருக்கு அந்த வழி கிடையாது. இதைப் பள்ளி தானாகச் சொல்லாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாவின் வழியில் 13 ஏடிபிஎல் (ஏர்லைன் விமானி லைசென்ஸ்) தியரி தேர்வுகள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்க வேண்டும். முதல் தேர்வுக்குப் பிறகு 18 மாதத்துக்குள் எல்லாம் தேறியாக வேண்டும், ஒரு பாடத்துக்கு 4 முயற்சிதான். தேறியதிலிருந்து 36 மாதத்துக்குள் சிபிஎல்லும் ஐஆரும் (கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி) முடிய வேண்டும். 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் லைசென்ஸ் வேறு, ஈயாசா லைசென்ஸ் வேறு. பழைய விளம்பரத்தை நம்பி இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். வேலை தேடப்போகும் நாட்டின் ஆணையம் இந்த லைசென்ஸை மாற்றித் தர எந்தெந்தத் தேர்வைத் திரும்ப எழுதச் சொல்லும் என்பதை அந்த ஆணையத்தின் விதியிலேயே படித்துவிடுங்கள். பள்ளி ஆபீஸில் சொல்வது சாட்சியாகாது.

நட்டுபோல்ட்:
வலவன் சொன்னது காகிதப் பக்கம். நான் ஹாங்கர் (விமானக் கொட்டகை) பக்கம் சொல்கிறேன். 14 மாதம் என்பதை நம்பலாமா என்று அந்தப் பள்ளியிடம் கேட்டுப் பயனில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

60 மாணவர்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 150 மணி ஒற்றை எஞ்சின் விமானத்தில் என்று வைத்தால் 9000 மணி. வானிலை, மெயின்டனன்ஸ் எல்லாம் போக ஒரு விமானம் ஆண்டுக்கு 600 மணி பறக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 15 விமானம் வேண்டும். வரிசையில் நிற்கும் 15 அல்ல, பறக்கும் 15. ஏப்ரனில் (விமானம் நிறுத்தும் தளம்) காற்றில்லாத டயரோடு, ப்ரொப்பெல்லர் கழற்றி, கவர் போட்டு மூடியிருப்பதையெல்லாம் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். வார நாளில் காலை 7 மணிக்குப் போய் ஒரு மணி நேரம் வேலியோரம் நின்று, எத்தனை கிளம்புகிறது என்று பாருங்கள். வானம் தெளிவாக இருந்தும் இரண்டுதான் கிளம்பியது என்றால் காரணம் விமானமாக இருக்கும் அல்லது இன்ஸ்ட்ரக்டராக இருக்கும்.

பயிற்சி விமானத்துக்கு 50 மணியில் ஆயில் மாற்றம், 100 மணியில் பெரிய இன்ஸ்பெக்ஷன். நன்றாகப் பறக்கும் விமானத்துக்கு 100 மணி என்பது சில வாரம்தான். இன்ஸ்பெக்ஷனைத் தங்கள் ஹாங்கரிலேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? டயர், பிரேக் பேட், ஸ்பார்க் ப்ளக், மேக்னெட்டோ (ப்ளக்குக்கு மின்பொறி தரும் கருவி), ஆல்டர்னேட்டர் இவை ஸ்டோரில் இருக்கின்றனவா? ஒரு மேக்னெட்டோவுக்காக மூன்று வாரம் நிற்கும் விமானங்கள் உண்டு. லைகாமிங் ஐஓ-360 போன்ற எஞ்சினுக்கு ஓவர்ஹால் (முழுதும் பிரித்துப் புதுப்பிப்பது) இடைவெளி 2000 மணி. நான்கு விமானங்கள் ஒரே சமயத்தில் 1900-ஐத் தாண்டி நின்றால், நீங்கள் சேர்ந்த சில மாதத்தில் நான்கும் வரிசையாக உட்காரும். மாற்று எஞ்சின் ஆர்டர் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

இரட்டை எஞ்சின் விமானம் எத்தனை? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பல பள்ளிகளில் ஒரே ஒரு செமினோலோ டிஏ42-வோ இருக்கும். அது படுத்தால் கடைசிக் கட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் வரிசையில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது கை மறந்துபோகும், மறுபடி பழக கூடுதல் மணிகள், அந்த மணிகளுக்கும் பில் வரும்.

டிரையல் ஃப்ளைட் ஒன்று போய்ப் பாருங்கள். செஸ்னா 172எஸ் என்றால் எரிபொருளை வடித்துப் பார்க்க 13 இடம். இன்ஸ்ட்ரக்டர் எல்லாவற்றையும் வடித்து, குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நீல நிறம் சரியா, அடியில் தண்ணீர்க் குமிழ் இருக்கிறதா என்று காட்டினால் நல்ல அறிகுறி. ரன்-அப்பில் (கிளம்பும் முன் எஞ்சினைச் சோதிக்கும்போது) 1800 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) வைத்து மேக்னெட்டோவை மாற்றும்போது 150-க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-ஐத் தாண்டக்கூடாது. எஞ்சின் உதறினாலும் "எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லிக் கிளம்புகிறவர் இருந்தால், இறங்கி வந்துவிடுங்கள்.

டவுன்விண்ட்:
ஏர்ஃபீல்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஏர்போர்ட்டில் ஐஎல்எஸ் (இறங்க வழிகாட்டும் ரேடியோ அமைப்பு), டவர், ஜெட் டிராஃபிக் எல்லாம் பழகலாம் என்று விளம்பரம் செய்வார்கள். உண்மைதான். ஆனால் ஹோல்டிங் பாயின்டில் (ஓடுபாதைக்கு முன் காத்திருக்கும் இடம்) நான்கு ஜெட் இறங்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், கட்டணத்துக்கு மணி எண்ணும் ஹாப்ஸ் மீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சார்ட்டிக்கு (ஒரு முறை பறப்பதற்கு) 0.3 மணி தரையில் போனால் 150 சார்ட்டியில் 45 மணி வீண்.

வலவன்:
வீண் என்பதில் சின்னத் திருத்தம். ஐக்கியோ வரையறைப்படி கிளம்புவதற்காக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து கடைசியில் நிற்கும்வரை ஃப்ளைட் டைம்தான். லாக்புக்கில் (பறந்த மணிகளின் பதிவேடு) அது ஏறும்.

டவுன்விண்ட்:
லாக்புக்கில் ஏறும், கையில் ஏறாது. 200 மணி லாக்கில் இருந்தும் ஸ்கில் டெஸ்டில் க்ராஸ்விண்ட் (பக்கக் காற்று) லேண்டிங் வரவில்லை என்றால் எக்ஸாமினர் டாக்ஸி (தரையில் நகர்ந்த) நேரத்தைப் பார்த்து மார்க் போட மாட்டார். கட்டணம் ஹாப்ஸ் கணக்கா, டாக் கணக்கா என்று கேளுங்கள். டாக் மீட்டர் ஆர்பிஎம்மைப் பொறுத்தது, தரையில் மெதுவாக நகரும். ஹாப்ஸ் கடிகாரம் போல ஓடும். மணிக்கு ஒரே விலை என்றாலும் இந்த இரண்டு கணக்கில் பில் வேறு வேறாக வரும்.

இன்ஸ்ட்ரக்டர் விஷயம். அவர்களில் பலர் மணி சேர்த்துக்கொண்டு ஏர்லைனுக்குப் போகக் காத்திருப்பவர்கள். ஆள் எடுப்பு சூடு பிடித்தால் ஒரே மாதத்தில் பாதிப் பேர் காலி. முழுநேர இன்ஸ்ட்ரக்டர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். ஐந்து, ஆறு வரை தாங்கும். பத்து என்றால் வாரத்துக்கு ஒரு சார்ட்டிகூட உறுதியில்லை. மேனேஜரிடம் இதைக் கேட்பதைவிட, கேன்டீனில் ஐஆர் கட்டத்தில் இருக்கும் மாணவரிடம் "எப்போது சேர்ந்தீர்கள், இப்போது எத்தனை மணி?" என்று கேளுங்கள். ஐந்து பேரிடம் கேட்டால் போதும், 14 மாதத்தின் லட்சணம் தெரியும்.

கீழ்வானம்:
எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். தள்ளுபடி பெரிய தொகை, விட மனமில்லை. எம்பிஎல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வலவன்:
எம்பிஎல் 2006-ல் ஐக்கியோ கொண்டுவந்தது. குறைந்தது 240 மணி, அதில் பெரும்பகுதி சிமுலேட்டர். சீக்கிரமே இருவர் சேர்ந்து ஓட்டும் முறையில் பழக்குவார்கள், ஏர்லைனுக்கு ஏற்ற பயிற்சி, அதில் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் என்னவென்றால், அது அந்த ஏர்லைனோடு கட்டிப்போட்ட லைசென்ஸ். நடுவில் ஏர்லைன் மூடினாலோ ஆள் எடுப்பதை நிறுத்தினாலோ, கையில் தனியாகப் பறக்கும் சிபிஎல் இருக்காது. அதை எடுக்க மேலும் மணியும் பணமும் போகும். ஒப்பந்தத்தில் "வேலை நிச்சயம்" என்று இருக்கிறதா, "நேர்காணலுக்கு வாய்ப்பு" என்று இருக்கிறதா என்று படியுங்கள். ஏர்லைன் எடுக்கவில்லை என்றால் சிபிஎல் ஐஆருக்கு மாற்றிவிடும் செலவு யாருடையது என்ற வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நட்டுபோல்ட்:
தள்ளுபடிக்கு ஒரே வரி: பள்ளி மூடினால் பணத்தைத் திரும்பப் பெறும் வரிசையில் கடைசியாக நிற்பவர் நீங்கள்தான். பணத்தை பிபிஎல், மணி சேர்ப்பு, ஐஆர், இரட்டை எஞ்சின் என்று பிரித்துக் கட்ட ஒத்துக்கொள்கிறார்களா பாருங்கள். முன்கூட்டியே கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பள்ளி நினைத்தபோது எடுக்க முடியாத தனிக் காப்புக் கணக்கில் இருக்கட்டும்.

டவுன்விண்ட்:
ஒப்பந்தத்தில் இவையும்: குறைந்தபட்ச மணிக்கு மேல் பறந்தால் மணிக்கு என்ன விலை, டெஸ்டில் தவறினால் மறுதேர்வுக்கு விமானச் செலவு யாருடையது, லேண்டிங் கட்டணம் உள்ளேயா வெளியேயா, விபத்தானால் இன்ஷூரன்ஸில் உங்கள் தலையில் விழும் முதல் தொகை எவ்வளவு. பாதியில் விலகினால் மீதிப் பணம் எத்தனை நாளில் வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். டைப் ரேட்டிங்கையும் (குறிப்பிட்ட ரக விமானம் ஓட்டும் தகுதி) சேர்த்துத் தருகிறோம் என்றால் இப்போது வேண்டாம். வேலை ஆர்டர் வராமல் ஏ320 ரேட்டிங் எடுத்தால் அது ஆண்டுதோறும் காலாவதியாகிக்கொண்டே இருக்கும், ஐஆரும் அப்படித்தான்.