நித்தியகல்யாணி இலைக் கஷாயத்தை கீமோ எடுக்கும் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

குமரன்_புதுக்கோட்டை கேட்டது:
எங்க அக்கா மகனுக்கு ஆறு வயசு. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. வாராவாரம் வின்கிறிஸ்டின் ஊசி ஏத்துறாங்க. அந்த மருந்தே நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் எடுக்கிறாங்கன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டார். அதிலிருந்து எங்க அம்மா, தினமும் ஒரு கைப்பிடி இலையைக் காய்ச்சிக் கொடுத்தா ஊசியே வேண்டாம்னு நிக்கிறாங்க. ஊசி போட்டா பையனுக்குத் தாடை வலி, மலச்சிக்கல். இலைன்னா அந்தத் தொல்லை இருக்காதுங்கிறாங்க. அக்காவும் தடுமாறுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரிசக்காட்டான்:
தம்பி, நாங்க ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில இதைப் போடுறவங்க. ஆடு மாடு வாய் வைக்காது, வேலியே வேண்டாம். ஆறாம் மாசமும் ஒன்பதாம் மாசமும் இலை உருவுவோம். வருசம் திரும்புறப்ப வேரோட பிடுங்கிக் காயப்போட்டு, இலை தனியா வேர் தனியா மூட்டை கட்டி வியாபாரிக்கு ஏத்திவிடுவோம். எங்க வீட்ல இதை மருந்துன்னு யாரும் குடிச்சதில்ல. வெள்ளாடே ஒதுக்குற தழை, புள்ளைக்கு வேண்டாம்ப்பா.

மீனாட்சி_டீச்சர்:
குமரன், கொடுக்கவே கூடாது. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பார்மசி கல்லூரியில் மூலிகை வேதியியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்தச் செடி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மருந்து கண்டுபிடித்த கதையிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 1950களில் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் இருந்தார். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையில் டீ போட்டுக் குடிப்பார்கள். அந்த இலைகள் அவருடைய அண்ணன் கிளார்க் நோபிள் மூலமாக அவர் கைக்கு வந்தன. சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாக ஏற்றினார்கள், சில நாளில் எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. அந்தச் சாவைப் பார்த்துத்தான், வெள்ளை அணுக்கள் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்று தோன்றியது. சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் அதற்குக் காரணமான ஆல்கலாய்டை, அதாவது செடி தானே உண்டாக்குகிற நைட்ரஜன் கலந்த வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் 1958இல் வெளியே வந்த வின்பிளாஸ்டின். வின்கிறிஸ்டினை அதே செடியிலிருந்து எலை லில்லி என்ற மருந்து நிறுவனத்தார் பிரித்தார்கள், 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அம்மாவுக்கு முக்கியமாகப் புரிய வேண்டியது இது. அந்த இலையில் 130க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் கூடப்பிறந்தவை போல. ஒரு நைட்ரஜன் அணுவின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன அணுக்கூட்டம் வின்பிளாஸ்டினுக்கு மீதைல், வின்கிறிஸ்டினுக்கு ஃபார்மைல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளை அணுவைக் குறைக்கும். வின்கிறிஸ்டின் மஜ்ஜையைப் பெரும்பாலும் விட்டுவைத்து நரம்பைத் தொடும். மஜ்ஜையை அடிக்கிற மற்ற கீமோ மருந்துகளோடு இதைச் சேர்த்துக் கொடுக்க முடிவது அதனால்தான். இலையில் வின்கிறிஸ்டினைவிட வின்பிளாஸ்டின்தான் அதிகம். ஏற்கெனவே ரத்த அணுக்களின் எண்ணிக்கை (கவுண்ட்) இறங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

அளவும் சாதாரணமில்லை. ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். குழந்தைக்கு உடல் பரப்பளவு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று கணக்குப் பண்ணி, 2 மில்லிகிராமைத் தாண்டாமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். குடித்தால் குடல் இதை ஒழுங்காக உறிஞ்சாது. கஷாயத்தை நம்பி ஊசியை நிறுத்தினால் நோய்க்கு மருந்தே போகாது.

தாடை வலிக்கும் மலச்சிக்கலுக்கும் காரணம் அந்த மூலக்கூறேதான், ஊசி இல்லை. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய இழைகள் உருவாகும். டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அந்த இழை கட்டப்படாமல் தடுப்பதுதான் மருந்தின் வேலை. நரம்புக்கும் அதே இழைகள் தேவை, அதனால் நரம்பு சிரமப்படுகிறது. இரண்டையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மலம் இளக மருந்து தருவார்கள். பூஞ்சைத் தொற்றுக்கு வேறு யாராவது மாத்திரை எழுதினாலும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இட்ராகோனசோல் மாதிரியான மாத்திரைகள் வின்கிறிஸ்டினை உடம்பிலேயே தங்கவைத்து நரம்பு பாதிப்பைக் கூட்டும்.

குமரன்_புதுக்கோட்டை:
ரொம்ப நன்றி டீச்சர். எலி விஷயத்தைப் படிச்சுக் காட்டினதும் அம்மா பேசாம எழுந்து போயிட்டாங்க. இலை இதுவரை கொடுக்கலை. ஆனா பசி எடுக்கன்னு ஒரு லேகியம் போன வாரத்திலிருந்து கொடுக்கிறாங்க. அது பரவாயில்லையா?

மீனாட்சி_டீச்சர்:
இப்போதைக்கு நிறுத்துங்கள் தம்பி. அடுத்த ஊசிக்குப் போகும்போது டப்பாவையே எடுத்துக்கொண்டு போய், எந்த நாளிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குள் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம்.