முதலாண்டு மாணவர் திட்டம்: அளவீடு முதலிலா, ஆள் முதலிலா?

சாக்பீஸ்:
எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் பலர் இரண்டு மூன்று பாடங்களில் அரியர் வைத்துவிட்டு, அப்புறம் வகுப்புக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள். இதற்கு ஒரு திட்டம் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஏற்கெனவே ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது: வருடத் தொடக்கத்தில் மூன்று நாள் முகாம், தன்னம்பிக்கைப் பேச்சு, குழு விளையாட்டு, கடைசியில் சான்றிதழ். கருத்துப் படிவத்தில் எல்லாரும் ‘மிக நன்று’ என்று டிக் அடிக்கிறார்கள். நின்றுபோகிறவர்கள் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை.

என் கட்சி இதுதான்: என்ன மாற வேண்டும், மாறியதா என்று எதை வைத்துப் பார்ப்போம், இந்த இரண்டும் எழுத்தில் இல்லாமல் எந்தத் திட்டத்தையும் தொடங்கக் கூடாது. மறுப்பவர்கள் வரலாம்.

கடைசிபெஞ்ச்:
வந்துவிட்டேன் சார். பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். குறிக்கோள், செயல்பாடு, காலக்கெடு, குறியீடு என்று நான் நிரப்பிய கட்டங்களை ஒட்டினால் ஒரு கட்டடத்தையே மூடலாம்.

ஒரு வருடம் வாசிப்புத் திட்டம் வந்தது. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களின் எண்ணிக்கைதான் அளவீடு. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இருப்பதிலேயே ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுத்து மறுநாளே திருப்பிக் கொடுத்தார்கள். பதிவேடு குண்டானது, வாசிப்பு அப்படியே இருந்தது. எங்களுக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. அளக்கச் சொன்னால், அளக்க வசதியானதைத்தான் ஆட்கள் செய்வார்கள். நல்ல ஆசிரியர் நாலு பேரை விடுங்கள், பாக்கி தானாக நடக்கும்.

எண்கணக்கு:
மேடம், தராசு பொய் சொன்னது என்பதற்காகக் கண்ணால் எடை போட முடியுமா? புத்தகம் எடுத்ததை எண்ணாமல், ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

‘நல்ல ஆட்களை விடுங்கள்’ என்பதற்கு வருகிறேன். 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் டேர் என்ற போதைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. சீருடை அணிந்த காவலர்களே வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். நல்ல ஆட்கள், நல்ல நோக்கம். பெற்றோருக்குப் பிடித்தது, பள்ளிகளுக்குப் பிடித்தது, நாடு முழுக்கப் பரவியது. 1990களில் ஆய்வுகள் வந்தன. பாடம் கேட்ட பிள்ளைகளும் கேட்காத பிள்ளைகளும் பிற்காலத்தில் போதைப்பொருளைத் தொட்டதில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. பிறகு அந்தப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதைவிட மோசம், சிறையைக் காட்டிப் பயமுறுத்தினால் பையன்கள் திருந்துவார்கள் என்று அமெரிக்காவில் நடத்திய திட்டங்கள். அழைத்துப் போன பையன்கள், போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே நல்லது நடந்திருக்கும். அளக்காமல் விட்டிருந்தால் இது தெரிந்திருக்குமா?

கடைசிபெஞ்ச்:
சிறைக் கதை எனக்குப் புதிது. அதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் பிரேதப் பரிசோதனை. செத்தது எப்படி என்று தெரிகிறது. உயிரோடு வைத்திருக்க என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

மணியடிச்சாச்சு:
பள்ளியில் கால அட்டவணை போடுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நீங்கள் மூவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். திட்டத்தை யார் நடத்துவது, எந்த பீரியடில், அதற்காக எதை நிறுத்துவது? என் மேஜைக்கு வருகிற திட்டம் ஒவ்வொன்றும் ‘வாரம் ஒரு மணி நேரம்தான்’ என்று வரும். வாரத்துக்கு அப்படி ஒரு மணி நேரம் எங்கேயும் சும்மா கிடப்பதில்லை. கடைசியில் விளையாட்டு பீரியடின் கழுத்தைத்தான் நெரிக்கிறோம்.

இதற்கும் உதாரணம் உண்டு. 1985இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஒரு சோதனை. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை 13 முதல் 17 பேர் மட்டும் கொண்ட வகுப்புகளில் வைத்துப் பார்த்தார்கள், நல்ல பலன். அதைப் பார்த்து 1996இல் கலிபோர்னியா, மாநிலம் முழுவதும் ஒரே மூச்சில் வகுப்புகளைச் சிறிதாக்கியது. வகுப்பு கூடினால் ஆசிரியர் வேண்டும், அறை வேண்டும். ஆசிரியர் தகுதி பெறாதவர்களையும் வேலைக்கு எடுத்தார்கள், நூலக அறையைக்கூட வகுப்பாக்கினார்கள். எதிர்பார்த்த பலன் தெளிவாகத் தெரியவில்லை. யோசனை அதே யோசனைதான், ஆளும் அறையும்தான் இல்லை.

சாக்பீஸ்:
மணி சார் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கடைசிபெஞ்ச் மேடத்தின் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் அசாப் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். இரண்டு வருடப் படிப்பை முடிக்காமலே மாணவர்கள் நின்றுவிடுவதுதான் அங்கேயும் பிரச்சினை. அவர்கள் பேச்சாளரைக் கூப்பிடவில்லை. எந்தெந்த இடத்தில் மாணவன் கழன்றுகொள்கிறான் என்று பார்த்து, அங்கங்கே ஒரு பிடி வைத்தார்கள். முழுநேரமாகப் படிக்க வேண்டும், பின்தங்கிய பாடங்களைத் தள்ளிப்போடாமல் முதலிலேயே முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு உதவித்தொகை போக மிச்சமிருக்கும் கட்டணம் தள்ளுபடி, பாடப்புத்தகம், பயண அட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான். அதே கல்லூரிகளில் மற்ற மாணவர்களுக்கு, ஆலோசகர் ஒருவருக்கு 600க்கும் மேல்.

குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள், திட்டத்தில் இருந்தோரில் 40 சதவீதம், இல்லாதோரில் 22. தலைக்குச் செலவு அதிகம்தான். முடித்த பட்டம் ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் குறைவு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதே மாதிரி செய்தபோதும் பலன் கிட்டத்தட்ட இதேதான்.

கடைசிபெஞ்ச்:
ஆக, ஆள்! அறுபது பேருக்கு ஒருவர், பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர். நான் முதலிலிருந்தே இதைத்தானே சொல்கிறேன்?

எண்கணக்கு:
ஆள்தான் மேடம். ஆனால் ஆளை எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரிந்தது? யார் எப்போது நிற்கிறார்கள் என்று எண்ணியதால்.

கடைசிபெஞ்ச்:
சரி, எண்ணட்டும். ஆனால் அந்தக் குலுக்கல் எனக்கு ஒப்பவில்லை. உதவி தேவைப்படுகிற பிள்ளைகளில் பாதிப்பேரை வேண்டுமென்றே வெளியே நிறுத்தி வேடிக்கை பார்ப்பதா? என் வகுப்பில் இதைச் செய்யச் சொன்னால் மாட்டேன்.

எண்கணக்கு:
எல்லாருக்கும் இடம் இருந்தால் நானும் செய்யச் சொல்ல மாட்டேன். எப்போதும் இருப்பது முப்பது இடம், நிற்பது நூறு பேர். குலுக்கல் இல்லாவிட்டால் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? முன்வரிசையில் கை தூக்குகிறவன் முதலில் வருவான், அவனுக்குத் தேவையே இருக்காது. முன்வரிசைக்கே பலன் போனதற்கு ஒரு உதாரணம்: 1990களில் கென்யாவில் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். அவை ஆங்கிலப் புத்தகங்கள், பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

கடைசிபெஞ்ச்:
முன்வரிசை விஷயம் உண்மை. குலுக்கலில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. வெளியே நிற்கிற எழுபது பேரிடம் போய் யார் சொல்வது, நீங்கள் எண்ணிக்கைக்கு என்று?

மணியடிச்சாச்சு:
‘அடுத்த பருவம் உங்கள் முறை’ என்று சொல்லலாம், அதற்கும் அட்டவணையில் இடம் வைத்திருந்தால். சாக்பீஸ் சார், இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?

சாக்பீஸ்:
முதலில் மூன்று வருட வருகைப்பதிவை எடுத்து, எந்த வாரத்தில் வராமல் போக ஆரம்பிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன். முதல் உள்தேர்வுக்கு அடுத்த வாரம் என்று ஒரு சந்தேகம். அப்படி இருந்தால் அந்த வாரத்தில் ஆளை நிறுத்துவேன், ஆசிரியர் ஒருவருக்கு இருபது மாணவர்கள், அந்த ஆசிரியர்களுக்கு வாரம் இரண்டு பீரியடு பாடச்சுமை குறைப்பு. குறைக்காவிட்டால் தொடங்க மாட்டேன் என்றும் எழுதிக் கொடுப்பேன். நேரத்துக்காக மூன்று நாள் முகாமை நிறுத்த வேண்டும். அதை முதல்வரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவது அவர்தான்.

மணியடிச்சாச்சு:
குத்துவிளக்கை உள்தேர்வு வாரத்துக்கு மாற்றி வையுங்கள் சார். பேச்சாளருக்கு முன்பணம் போய்விட்டதா என்று மட்டும் இன்றைக்கே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.