மறு: ‘கிராஷ் பிளாசம்’ – ‘விபத்துப் பூ’ வேண்டாமே

> ‘விபத்துப் பூ’ என்றே பெயர்த்துவிடலாம். அழகாகவும் இருக்கிறது.

ஐயா, தவறாகப் படிக்க இடந்தரும் செய்தித் தலைப்பை ஆங்கிலத்தில் ‘கிராஷ் பிளாசம்’ என்கிறார்கள். அதற்கு நீங்கள் சொல்லும் பெயர் அழகுதான். ஆனால் அதைக் கேட்பவருக்குச் சாலையோரத்து மலர்வளையமல்லவா நினைவுக்கு வரும்?

ஆங்கிலத்திலேயே அது விளக்கம் கேட்கும் சொல். 2009இல் ஜப்பானின் ஆங்கிலச் செய்தித்தளம் ஒன்று ‘வயலினிஸ்ட் லிங்க்டு டு ஜேஏஎல் கிராஷ் பிளாசம்ஸ்’ என்று தலைப்பிட்டது. 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் (ஜேஏஎல்) விமான விபத்தில் தந்தையை இழந்த வயலின் கலைஞர் இசையுலகில் மலர்ந்துவருகிறார் என்பதே செய்தி. படித்தவர்களோ, ‘கிராஷ் பிளாசம்’ என்றொரு பூ இருக்கிறதா, அதற்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று விழித்தார்கள். பத்திரிகைத் துணையாசிரியர்கள் கூடும் இணையதளம் ஒன்றில், இத்தகைய தலைப்புகளுக்கெல்லாம் அதையே பெயராக்கிவிட்டார்கள். கதை தெரியாதவருக்கு அந்தப் பூ மணக்காது.

நம் சிங்கப்பூரில் ‘எம்ஆர்டி’க்குப் ‘பெருவிரைவு ரயில்’ என்ற பெயர் நிலைத்தது. அந்தச் சொல்லிலேயே வேகம் தெரிகிறது. அதுபோல இந்தச் சொல்லிலும் கோளாறு தெரிய வேண்டும். இடத்தை மிச்சம்பிடிக்க ‘இஸ்’, ‘தி’ முதலிய சிறுசொற்களை ஆங்கிலத் தலைப்புகளில் உதிர்த்துவிடுகிறார்கள். ‘பிளாசம்ஸ்’ பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். எதுவென்று காட்டிக்கொடுக்கும் சொல்தான் உதிர்ந்துவிட்டதே! ‘போலிஸ் ஹெல்ப் டாக் பைட் விக்டிம்’ என்ற பழைய எடுத்துக்காட்டைப் பாருங்கள். நாய் கடித்தவருக்குக் காவல்துறை உதவியதா, அவரைக் கடிக்க நாய்க்கு உதவியதா? தமிழில் ‘கு’ உருபு ஒன்றே வழக்கைத் தீர்த்துவிடும். ரயிலில் பிடோக் நிலையத்தில் நான் கைப்பேசியில் படித்த ஆங்கிலத் தலைப்பு, அடுத்த நிலையமான கெம்பாங்கான் வந்த பிறகே பிடிபட்ட நாள்கள் உண்டு.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ஒன்றாக ‘மயங்க வைத்தல்’ என்பதை நன்னூல் சொல்கிறது. வீட்டிலேயே சொல் இருக்கும்போது வெளியே ஏன் போக வேண்டும்? ‘மயங்குதலைப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘சிலேடை’ பொருந்தாது. அது காளமேகம் வேண்டுமென்றே செய்தது. இது நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் நேர்வது.

———

அண்ணா, வணக்கம்.

காரணம் நன்று, சொல்தான் இடறுகிறது. ‘மயங்குதலைப்பு’ என்பதை நான் ‘மயங்குதல்’ வரைக்கும் படித்து நிறுத்தி, ‘ஐப்பு’ என்றால் என்னவென்று யோசித்தேன். குழப்பும் தலைப்புக்கு வைத்த பெயரே குழப்பலாமா?

தமிழை அவ்வளவு உயரத்தில் வைத்துவிடவும் வேண்டாம். ‘காயமடைந்த ஓட்டுநரின் மனைவி கண்ணீர்’ என்று தலைப்பிட்டால் காயம் யாருக்கு? பெயரெச்சம் எந்தப் பெயரைப் போய்ப் பற்றுகிறது என்பதில் நாமும் வழுக்குகிறோம். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி, ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் ஆயுதம். நடுவில் நின்று காப்பாற்றும் அந்த ஒற்றையும் இப்போது பலர் விட்டுவிடுகிறார்கள்.

‘மயக்கத் தலைப்பு’ எனலாமே? ‘வேற்றுமை மயக்கம்’, ‘திணை மயக்கம்’ என்று இலக்கணத்தில் ஏற்கெனவே பழகிய சொல்தான்.

———

சகோதரி,

‘ஐப்பு’ என் கண்ணில் படவே இல்லை. எழுதியவனுக்குத் தன் தலைப்பு மயங்குவதே இல்லை. துணையாசிரியர்களின் சிக்கலும் இதுதான் போலும்.

‘மயக்கத் தலைப்பு’ என்றதும் மதுவை நினைப்பவர்களும் இருப்பார்கள். இருக்கட்டும். ‘பொருள்மயக்கத் தலைப்பு’ என்று நீட்டினால் அந்த ஐயம் தீரும், ஆனால் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். உங்கள் சொல்லையே ஏற்கிறேன். அடுத்த வாரம் சமூக மன்றத்தில் நடக்கும் மொழிபெயர்ப்புப் பட்டறைக்கான குறிப்பிலும் மாற்றிவிட்டேன். ஓட்டுநரின் மனைவியையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா?