விழுக்காட்டுப் பொத்தானை நம்பிக் கணக்குப் போடலாமா?

வளர்பிறை:
வணிகவியல் படித்து முடித்து, ஹார்டுவேர் கடை ஒன்றில் பில் எழுதும் வேலையில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ப்பதற்காகக் கைப்பேசியில் 1000 + 18 % என்று அழுத்தினால் 1180 வருகிறது. கடையில் இருக்கும் கேசியோ மேசைக் கால்குலேட்டரில் அதே பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தினால் 1219.51 வருகிறது. கல்லூரியில் வைத்திருந்த எஃப்எக்ஸ்-991இஎஸ் கால்குலேட்டரிலோ விடை 1000.18. மூன்று கருவிகளிலும் பழுது எதுவும் இல்லை. மற்ற கணக்குகளை எல்லாம் சரியாகவே போடுகின்றன. இனி அந்தப் பொத்தானைத் தொடலாமா, கூடாதா என்பதைப் பெரியவர்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

எண்சுவடி:
தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கு பொத்தான்களுக்கும் உலகம் முழுவதும் ஒரே பொருள்தான் உண்டு. விழுக்காட்டுப் பொத்தானுக்கு அப்படி ஒரு பொதுப் பொருள் கிடையாது. கருவியை வடிவமைத்தவர் என்ன நினைத்தாரோ அதுவே அதன் பொருள்.

உங்கள் மூன்று விடைகளையும் எடுத்துக்கொள்வோம். கைப்பேசி, முன்னால் இருக்கும் எண்ணில் 18 விழுக்காட்டைக் கண்டு அதனோடு கூட்டுகிறது. எஃப்எக்ஸ்-991இஎஸ், 18 % என்பதை 0.18 என்ற வெறும் எண்ணாக மட்டுமே பார்க்கிறது. ஆகவே ஆயிரத்தோடு 0.18 சேர்ந்து 1000.18 ஆகிறது. எக்செல்லில் =1000+18% என்று எழுதினாலும் இதே விடைதான் கிடைக்கும். மேசைக் கால்குலேட்டர் போடும் கணக்கு வேறு. அது ஆயிரத்தை 0.82 ஆல் வகுக்கிறது. அதாவது, ஆயிரம் ரூபாய் அடக்கவிலை உள்ள ஒரு பொருளில், விற்பனை விலையின் மேல் 18 விழுக்காடு லாபம் வர வேண்டுமானால் எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. 1219.51-இல் 18 விழுக்காடு 219.51, அதைக் கழித்தால் ஆயிரம். பதில் சரிதான், நீங்கள் கேட்ட கேள்விதான் அது அல்ல.

இதற்கு மாற்றாக 1000 × 1.18 = என்று அழுத்திப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும், எந்த ஆண்டில் செய்யப்பட்டதாக இருந்தாலும், 1180 தவிர வேறு விடை வராது. தள்ளுபடி 10 விழுக்காடு என்றால் 0.9 ஆல் பெருக்க வேண்டும். வரி 5 விழுக்காடு என்றால் 1.05 ஆல் பெருக்க வேண்டும். இதை ஒருமுறை பழகிக்கொண்டால் பொத்தானின் குணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

கல்லாப்பெட்டி:
எண்சுவடி ஐயா சொல்வதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கடையில் உட்கார்ந்து பில் போடுகிறவனின் நிலையிலிருந்து பார்த்தால் அந்த அறிவுரையை அப்படியே ஏற்க முடியவில்லை. வளர்பிறை அழுத்திய வரிசைதான் அந்தக் கருவிக்கு உரியது அல்ல. கேசியோ மேசைக் கால்குலேட்டரில் 1000 × 18 % என்று அழுத்த வேண்டும். உடனே 180 என்று காட்டும். அதன்பின் + பொத்தானை மட்டும் அழுத்தினால் 1180 வந்துவிடும். + பொத்தானுக்குப் பதிலாக − அழுத்தினால் 820, அதாவது தள்ளுபடி போக மீதி.

இதில் உள்ள வசதியைக் கவனியுங்கள். பில்லில் மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் போதாது. வரித்தொகையைத் தனியாகவும், அதை மத்திய ஜிஎஸ்டி 90, மாநில ஜிஎஸ்டி 90 என்று இரண்டாகப் பிரித்தும் காட்ட வேண்டும். விழுக்காட்டுப் பொத்தான் வரியை முதலில் காட்டி, மொத்தத்தை அடுத்துக் காட்டுகிறது. 1.18 ஆல் பெருக்குகிறவர் மொத்தத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மறுபடியும் ஆயிரத்தைக் கழித்து வரியைக் காண வேண்டும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு கழித்தல் கூடுதல் என்பது சின்ன விஷயமல்ல.

இன்னொன்றையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் 5 சதவீதத்துக்கு 1.05 என்று போடாமல் 1.5 என்று போட்டுவிடுவார்கள். 240 ரூபாய்ச் சரக்கு 252 ஆவதற்குப் பதிலாக 360 ஆகிவிடும். புள்ளிக்குப் பின்னால் வர வேண்டிய சுழியை மறக்கும் இந்தத் தவறு, பொத்தானைப் பயன்படுத்தினால் வரவே வராது. 18-ஐப் பதினெட்டாகவே, 5-ஐ ஐந்தாகவே அழுத்துகிறோம். நூறால் வகுக்கும் பொறுப்பைக் கருவி ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பொத்தானை வைத்ததே அதற்காகத்தான்.

எண்சுவடி:
1.05, 1.5 குழப்பம் உண்மையானது. என் மாணவர்களிடமும் அதைக் காண்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் 240 ரூபாய் 360 ஆனால் வாடிக்கையாளர் அங்கேயே சண்டைக்கு வந்துவிடுவார்; தவறு வெளிப்பட்டுத் திருத்தப்படும். 1180-க்குப் பதிலாக 1219.51 என்று வந்தால் யாருடைய கண்ணிலும் படாமல் போகவும் கூடும். கண்ணை உறுத்தாத பிழைதான் கணக்கில் ஆபத்தானது.

விழுக்காட்டுப் பொத்தானைப் பற்றிய என் பெரிய குறை, அது ‘எதன்மேல்’ என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது என்பதே. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரி பத்து விழுக்காடு குறைந்துவிட்டதே, பழைய விலையில் பத்து விழுக்காட்டைக் கழித்துக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. வரிக்கு முந்தைய விலை 300 ரூபாய் உள்ள ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு பாருங்கள். பழைய விலை 300 × 1.28, அதாவது 384 ரூபாய். புதிய விலை 300 × 1.18, அதாவது 354 ரூபாய். குறைய வேண்டியது 30 ரூபாய். கைப்பேசியில் 384 − 10 % என்று அழுத்தினால் 345.60 வரும், மூட்டைக்கு 8 ரூபாய் 40 காசு கடைக்காரருக்கு நட்டம். உண்மையில் விலை குறைந்தது 7.8125 விழுக்காடுதான், ஏனென்றால் அந்தப் பத்து விழுக்காடு 300-இன் மேல் உள்ளது, 384-இன் மேல் அல்ல.

கல்லாப்பெட்டி:
மன்னிக்க வேண்டும் ஐயா, இந்த எடுத்துக்காட்டு உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கவில்லை. 384-இல் பத்து சதவீதம் கழிக்கலாம் என்று நினைத்தவர், உங்கள் முறைப்படி 384 × 0.9 என்று அழுத்தினாலும் அதே 345.60 தான் வந்திருக்கும். தவறு மனத்தில் நடந்துவிட்டது. கை எந்தப் பொத்தானுக்குப் போனாலும் காப்பாற்ற முடியாது. எதன்மேல் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லித்தர வேண்டும் என்கிறீர்களா, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அதைப் பொத்தானின் குற்றமாகச் சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன்.

எண்சுவடி:
அந்த வாதத்தில் பாதியை ஏற்கிறேன். 0.9 ஆல் பெருக்குகிறவரும் தவறலாம். ஆனால் 1.28, 1.18 என்ற இரண்டு எண்களையும் தாளில் எழுதிப் பழகியவர், 384-ஐ 1.28 ஆல் வகுத்து 300-ஐக் கண்டு, அதை 1.18 ஆல் பெருக்குவார். ஏனென்றால் அந்த எண்களில் மூலவிலையைக் குறிக்கும் ‘1’ கண்முன் நிற்கிறது. பொத்தானை மட்டும் அறிந்தவருக்கு அப்படி ஓர் அடையாளம் கிடைப்பதில்லை.

வேறொரு சிக்கலையும் பாருங்கள். 200 ரூபாய்க் கூலியோடு 300 ரூபாய்ச் சரக்கின் பத்து விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் 200 + 300 × 10 % என்று அழுத்தினால் பெருக்கலை முதலில் செய்து 230 என்று சொல்லும். மேசைக் கால்குலேட்டர், × பொத்தானை அழுத்தியவுடனேயே 200-ஐயும் 300-ஐயும் கூட்டி 500 ஆக்கிவிடும். இறுதியில் 50 என்று காட்டும். கருவியை மாற்றினால் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

பேரேடு:
சிறு வணிகர்களின் வரிக் கணக்குகளைப் பார்ப்பவன் நான். இருவர் சொல்வதையும் படித்தபின், எல்லாக் கணக்குக்கும் ஒரே வழி என்று வற்புறுத்துவது சரியல்ல என்று நினைக்கிறேன். (200 + 300 × 10 % கணக்கில் உள்ள சிக்கல் சரக்குத் தொகையை 0.1 ஆல் பெருக்கினாலும் அப்படியே இருக்கும். அது மேசைக் கருவியின் இயல்பே தவிர விழுக்காட்டுப் பொத்தானின் இயல்பு அல்ல.) வரியைச் சேர்க்கும்போது கல்லாப்பெட்டி அவர்களின் × 18 % + முறை வேகமானது, நம்பத்தக்கது. வரியைப் பிரித்தெடுக்கும்போது அந்தப் பொத்தானை எந்தக் கருவியிலும் தொடக் கூடாது.

பொட்டலத்தில் அச்சிடப்படும் அதிகபட்சச் சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடக்கம். 1180 ரூபாய் விலையுள்ள பொருளின் வரிக்கு முந்தைய விலை எவ்வளவு என்று கேட்டால், 1180-இல் 18 விழுக்காட்டைக் கழித்து 967.60 என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். சரியான விடை 1180 ÷ 1.18, அதாவது 1000. 967.60 என்று எழுதியவர் 212.40 ரூபாயை வரி என்று கணக்குக் காட்டுகிறார். உண்மையான வரி 180 தான். ஒரு பில்லுக்கு 32 ரூபாய் 40 காசு கையை விட்டுப் போகிறது. இந்த இடத்தில் எண்சுவடி ஐயாவின் முறைக்கு மாற்றே இல்லை.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 999 ரூபாய்ப் பொருளை 1.18 ஆல் வகுத்தால் 846.61 வரும். அதில் 9 விழுக்காடு 76.1949, இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கினால் 76.19. மத்திய, மாநில வரிகள் இரண்டும் சேர்ந்து 152.38. இதை 846.61-உடன் கூட்டினால் 998.99 தான் வருகிறது, ஒரு காசு குறைகிறது. பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று ஒரு பதிவு இருப்பது இத்தகைய சில்லறை வேறுபாட்டைச் சரிக்கட்டத்தான். கருவி தவறு செய்துவிட்டது என்று பதறி மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

வளர்பிறைக்கு இன்னொரு முன்னெச்சரிக்கை. மேசைக் கால்குலேட்டரின் மேற்பகுதியில் இரண்டு சின்ன நகர்த்திகள் இருக்கும். ஒன்று புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை முடிவு செய்வது. மற்றொன்று ‘கட்’ (மீதி இலக்கங்களை வெட்டிவிடுவது), ‘5/4’ (அடுத்த இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று கூட்டுவது, 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் விட்டுவிடுவது) போன்ற குறிகளோடு, எப்படிச் சுருக்குவது என்பதை முடிவு செய்வது. முதல் நகர்த்தி சுழியிலும் இரண்டாவது ‘கட்’டிலும் இருந்தால், 999 ÷ 1.18 என்பதற்கு வெறும் 846 என்று காட்டும். 61 காசு காணாமல் போகும். வேலையைத் தொடங்குமுன் முதலாவதை 2-இலும் மற்றதை 5/4-இலும் வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கென்று தனிப் பொத்தான் உள்ள கருவியானால், அதில் பதிந்து வைத்த விகிதம் தானாக மாறாது. 28 என்று பதிந்தவர், சட்டம் மாறிய அன்றே அதை 18 ஆக்கியிருக்க வேண்டும்.

வளர்பிறை:
மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்து 18 விழுக்காடு வரி போடும்போது, 18-இல் பத்தைக் கழித்து 8 விழுக்காட்டைக் கூட்டினால் போதுமா? கடையில் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்.

எண்சுவடி:
போதாது. 8 விழுக்காடு கூட்டினால் 1080 வரும். சரியான தொகை 1000 × 0.9 × 1.18, அதாவது 1062. பில்லுக்குப் பதினெட்டு ரூபாய் கூடுதலாக வாங்கப்படுகிறது. அது வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய பணம். அந்த வழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி:
விடையில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1000 × 10 % −, தொடர்ந்து × 18 % + என்று அழுத்தினாலும் அதே 1062 தான் வரும். நடுவில் 900 என்றும் 162 என்றும் திரையில் தோன்றுவதால், தள்ளுபடி போன விலையையும் வரியையும் பில்லில் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

வரியைப் பிரித்தெடுக்க 1.18 ஆல்தான் வகுக்க வேண்டும் என்று பேரேடு அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் கடையிலும் அப்படித்தான் செய்கிறோம். பல சரக்குகளுக்கு ஒரே விகிதத்தில் விலை போடும்போது எண்சுவடி ஐயாவின் முறையையும் பயன்படுத்துகிறேன். கேசியோவில் 1.18 × × என்று பெருக்கல் பொத்தானை இருமுறை அழுத்தினால் அந்த எண் நிலைத்துவிடும். அதன்பின் 1000 = என்றால் 1180, 750 = என்றால் 885, 240 = என்றால் 283.20 என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் வளர்பிறைக்கு முதலில் கிடைத்த அந்த 1219.51-ஐப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விற்பனையில் 18 சதவீதம் லாபம் நிற்க வேண்டும் என்று முதலாளி சொன்னால், அடக்கவிலையை 1.18 ஆல் பெருக்கி 1180-க்கு விற்கிறவருக்கு உண்மையில் நிற்பது 15.25 சதவீதம்தான். அந்த நாளில் 1000 + 18 % என்று அழுத்தினால், வேண்டிய விற்பனை விலையை அந்தக் கருவி நேராகச் சொல்லிவிடும்.