டிராவல் டிரெய்லரில் தெர்மோஸ்டாட் மாற்ற உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் 2011 மாடல் டிராவல் டிரெய்லரில் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன வீடு) இன்னும் பழைய தெர்மோஸ்டாட்தான் (உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி), முள்ளைத் தள்ளி வைக்கும் வகை. 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால், உள்ளே 62 வரை இறங்கிய பிறகே ஃபர்னஸ் (சூடாக்கும் ஹீட்டர்) ஓடத் தொடங்குகிறது. போன மாதம் கொலராடோ மலையில் தங்கியபோது நடுராத்திரியில் குளிர் தாங்காமல் சின்னவள் எழுந்து அழுதாள். மனசு கேட்கவில்லை.

டிஜிட்டலுக்கு மாற நினைக்கிறேன். வீட்டு தெர்மோஸ்டாட்கள் 24 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கானவை. டிரெய்லரில் இருப்பதோ 12 வோல்ட் நேர்திசை. அதனால், அந்த 24 வோல்ட்டிலேயே இயங்கும் வைஃபை வகை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பேட்டரியில் இயங்குவது வெறும் சுவிட்ச் மாதிரிதானே, அது போதும்.

சிக்கல் ஃபேனில்தான். சுவரிலிருந்து ஐந்து ஒயர் வருகிறது: 12 வோல்ட் வரவு, ஃபர்னஸ், ஏசி கம்ப்ரஸர், அப்புறம் ஃபேன் வேகமாகச் சுற்ற ஒன்று, மெதுவாகச் சுற்ற ஒன்று. வீட்டு வகையில் ஃபேனுக்கு ஒரே முனைதான் இருக்கிறது. நடுவில் ஓர் இருவழி சுவிட்ச் வைத்து வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாமா? யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? ஒயர் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். ஃபியூஸைக் கழற்றிவிட்டுத்தான் கைவைப்பேன்.

இணைப்புப் படம் இருந்தால் அனுப்புங்கள். அடுத்த பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.