கேரியர் ஆடுது பாரு, அது சாயங்காலம்

பழைய செய்திப்படங்களில் தங்கள் ஊரைத் தேடுகிறவர்கள் இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். எங்கள் கதை இது.

எங்களுடையது சிங்கப்பூரின் வடகோடி, செம்பவாங். அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் எங்கள் வீட்டில் வெறும் 'பேஸ்'. தாத்தா அங்கே கூலி. அப்பா 1959-ல் அப்ரண்டிஸாகப் போய்ச் சேர்ந்தவர். இப்போது வயது 82. பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தவருக்கு ஏதாவது காட்டலாமே என்று போன மாதம் டிவியில் யூடியூபைத் திறந்து பேஸைத் தேடினேன். பழைய செய்திப்படங்களை எடுத்த பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014-ல் ஒரே மூச்சில் 85,000 படங்களை அதில் ஏற்றியதிலிருந்து இந்த மாதிரித் தேடலுக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் பார்த்தது 1928. இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் கட்டிய பிரம்மாண்டமான மிதக்கும் டாக்கை, டச்சு இழுவைப் படகுகள் சூயஸ் வழியாகச் சிங்கப்பூருக்கு இழுத்து வந்த கதை. 50,000 டன் கப்பலை அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளும் டாக் அது. ஊமைப் படம். ஆட்கள் எறும்பு மாதிரி ஓடுகிறார்கள். அந்தக் காலத்து ஊமைப் படங்களில் பலவற்றை நொடிக்கு 16, 18 ஃப்ரேம் என்று எடுத்தார்கள். அதையே நொடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் ஓட்டினால் இப்படித்தான். அப்பாவுக்கு இது தெரியாது. "இந்த வேகத்துல எந்த மேஸ்திரிகிட்டயும் எவனும் வேலை செஞ்சதில்லைடா" என்றார். வேகத்தை 0.75 ஆக்கினேன். "இப்ப சரி" என்று சாய்ந்துகொண்டார். நீங்களும் செய்து பாருங்கள், மனிதர்கள் மனிதர்களாக நடப்பார்கள்.

அடுத்தது 1938 பிப்ரவரி 14, ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் உலர்துறை திறப்பு விழா. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வற்றவைத்துப் பழுது பார்க்கும் டாக் அது. ஆயிரம் அடி நீளம், அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. கவர்னர் ஷென்டன் தாமஸின் படகு நாடாவை அறுத்துக்கொண்டு நுழைகிறது. விருந்தாளியாக மூன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வேறு. நான்கே வருஷத்தில், 1942 பிப்ரவரி 15-ல், சிங்கப்பூர் ஜப்பானியர் கையில். தாத்தா இந்த விழாக் கூட்டத்தில் எங்காவது நிற்பாரா என்று நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அப்பா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. "எங்கப்பாவைத் திறப்பு விழாவுக்கு எவன்டா கூப்பிட்டான்?"

சமாச்சாரம் மூன்றாவது படத்தில்தான். அறுபதுகளில் இங்கே வேலை பார்த்த ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எடுத்த 8 மில்லிமீட்டர் கலர் படம். புல்வெளி, நாய், குழந்தைகள், கடற்கரை. நடுவில் பத்துப் பதினோரு விநாடிக்கு டாக்யார்டு கேட். சைக்கிள்கள் மொத்தமாக வெளியே வருகின்றன. "காலையில வேலைக்குப் போறாங்களாப்பா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டி, எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். ஒரு ஆளின் சைக்கிள் ஹேண்டிலில் சாப்பாட்டுக் கேரியர்.

"கேரியர் ஆடுது பாரு. காலியா இருந்தாத்தான் இப்படி ஆடும். காலையில சோறும் கொழம்புமா கனமாத் தொங்கும், அசையாது. இது சாயங்காலம்."

மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். நிஜமாகவே ஆடுகிறது.

பிறகு குரலோடு வந்த ஒரு செய்திப்படத்தில் சங்கு ஊதியது. ஊதி முடிக்கும் முன்பே அப்பா "இது நம்ம சங்கு இல்ல" என்றார். ஆச்சரியம் இல்லை. அந்தக் காலச் செய்திப்படங்களுக்குச் சத்தம் பெரும்பாலும் லண்டன் ஸ்டூடியோவில் ஒட்டியதுதான். சங்கு, சுத்தியல், அலை என்று தயாராக வைத்திருப்பார்கள். எந்த ஊர்ச் சங்கோ, செம்பவாங்கில் ஊதிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும், தேடும்போது கப்பல் பெயர், அதிகாரி பெயர் போட்டால் சுலபமாக வரும். நம் ஆட்கள் வர வேண்டுமென்றால் பட்டியலில் 'கூலி', 'நேட்டிவ் லேபர்' (உள்ளூர்த் தொழிலாளர்) போன்ற சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. கடுப்பாகத்தான் இருக்கும். தேடுங்கள்.

— — —

அண்ணே, நான் புதுக்கோட்டைப் பக்கம். வெல்டராக அதே செம்பவாங் யார்டில் மூன்று வருஷம் இருந்தேன். நீங்கள் சொல்லும் டாக்கை நாங்கள் 'கேஜி சிக்ஸ்' என்போம். ஆறாம் ஜார்ஜ் என்பது உங்கள் பதிவைப் பார்த்துத்தான் தெரிகிறது! டாக் தரையில் கட்டைகள் மேல் கப்பல் உட்கார்ந்திருக்கும். அதன் வயிற்றுக்கு அடியில் குனிந்தபடி நடந்து போவோம். 1938-ல் கட்டியது என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வெள்ளைக்காரர்கள் போனபோது உங்கள் அப்பாவுக்கு வேலை போகவில்லையா?

— — —

போகவில்லை தம்பி. போய்விடும் என்றுதான் வீடே பயந்ததாம். படைகளை வாபஸ் வாங்குகிறோம் என்று 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அந்த டிசம்பரிலேயே டாக்யார்டு சிங்கப்பூர் கைக்கு வந்தது, பெயருக்கு ஒரு டாலர் விலையில். ஆட்களோடு சேர்த்து அது செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. நடத்தித்தர வந்த நிறுவனம் எது தெரியுமா? ஸ்வான் ஹன்டர். 1928-ல் அந்த மிதக்கும் டாக்கை டைன் கரையில் கட்டியவர்களேதான். அந்த டாக் அப்போது இல்லை. 1945 பிப்ரவரியில் அமெரிக்க பி-29 விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டன. அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது, கூலி லயத்தில் தூளியில் கிடந்திருப்பார்.

இப்போது அங்கே பேஸ் காலத்துத் தெருப் பெயர்கள் மிச்சம். கேன்பரா, வெலிங்டன், டர்பன் என்று காமன்வெல்த் ஊர்களாக வைத்தார்கள். 2019-ல் திறந்த எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் கேன்பரா என்றே பெயர்.

உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: "டாக்குல தண்ணி வத்தினதும் அடியில மீன் கிடந்துச்சானு அந்தத் தம்பியைக் கேளு. நாங்க கேரியர்ல போட்டு எடுத்துட்டு வருவோம்."

— — —

கிடந்தது அண்ணே, நிறையவே. ஆனால் சேஃப்டி ஆபீசர் எடுக்க விடமாட்டார். நாங்கள் இரண்டு தடவை ஹெல்மெட்டில் எடுத்தோம். அப்பாவிடம் மட்டும் சொல்லுங்கள்.