அம்மாவின் கொலஸ்ட்ரோல் குளிசை: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, நாங்கள் களுவாஞ்சிக்குடி. அம்மாவுக்குக் கிளினிக்கில் அட்டோவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தந்து மூன்று மாதம். கல்லீரல் கொலஸ்ட்ரோல் செய்யத் தேவையான ஒரு நொதியத்தை அது தடுக்கிறது, அப்போது கல்லீரல் தனக்கு வேண்டியதை இரத்தத்தில் இருந்தே கூடுதலாக இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் குறைகிறது என்ற அளவுக்கு எனக்கு விளங்குகிறது. அம்மாவோ, "தேங்காய்ப்பாலை விட்டிட்டன்தானே, இனிக் குளிசை எதுக்கு" என்கிறா. கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை உடம்பேதான் செய்கிறது என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. இப்போது இரண்டு தொடையிலும் உளைவு வேறு, படியேறவே கஷ்டப்படுகிறா. இந்தக் குளிசையால் தசைநோ வரலாம் என்று தெரியும். அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாமா, அல்லது நாளைக்கே டொக்டரிடம் காட்டி, தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே இரத்தப் பரிசோதனை கேட்கவேண்டுமா? இதே குளிசை போடுகிறவர்கள், மருந்தாளர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.